வெறுங்கை

இரவு இரண்டே காலுக்கு
மகள் சொறியும் சத்தத்தில் விழித்தேன்.
அட்டைப்பெட்டியை எலி சுரண்டுவது போல
அவசரமில்லாத, விடாத சத்தம்.

“அம்மா, முட்டிக்குப் பின்னாடி கூப்பிடுது.”

நான்கு வயது.
அரிப்பு என்ற சொல் அவளுக்குத் தெரியும்.
தெரிந்தும் இப்படித்தான் சொல்வாள்:
முழங்கை கூப்பிடுது, கழுத்து கூப்பிடுது,
இன்னிக்குக் காதுகிட்ட ஒருத்தன் கூப்பிடுறான்.

விளக்கைப் போடவில்லை.
ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்த வெளிச்சம் போதும்.
உள்ளே, நேற்றைய மீன்கறிக்குப் பக்கத்தில்
கிளினிக்கில் கொடுத்த வெள்ளை டப்பா.
குளிர்ந்த களிம்பு பட்டால் சிரிப்பாள்.
சிரிக்கும்வரை சொறிய மாட்டாள்.

பாடாங் செராயில்
இதற்கு மருந்து சொல்லாத ஆள் இல்லை.
இறாலை நிறுத்தச் சொன்னார் ரொட்டி சானாய்க் கடைக்காரர்.
நிறுத்தினேன்.
முட்டையை, கடலையை, பசும்பாலை
ஆளுக்கு ஒன்றாய் எடுத்துக்கொண்டு போனார்கள்.
தட்டில் சோறும் பூசணியும் மிஞ்சின.
பிள்ளை இளைத்தாள். அரிப்பு இளைக்கவில்லை.
எதிர்வீட்டு ரேவம்மா வேப்பிலை அரைத்துப் பூச,
அன்று இவள் கத்திய கத்தலில்
வரிசையின் கடைசி வீட்டிலும் விளக்கு எரிந்தது.
ரேவம்மாவும் அழுதார்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குக் கூலிமில், கையுறை ஆலையில் வேலை.
பீங்கான் கைகள் வரிசையாய்
ரப்பர்ப் பாலில் முங்கி
விரல் விரித்தபடி எழுந்து வரும்.
தோலை உரிப்பதுபோல்
உரித்து எடுக்க வேண்டும்.
ஒரு ஷிப்டுக்கு எத்தனை என்று
நான் எண்ணுவதில்லை, மெஷின் எண்ணும்.

போன பிறந்தநாளுக்கு அவள் அப்பா
பத்து மஞ்சள் பலூன் ஊதினார்.
ஒன்றைக் கன்னத்தோடு அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.
மெழுகுவத்தி ஏற்றுவதற்குள்
உதடு தடித்து, கண் மூடி.
பக்கத்து வீட்டு வேனில் சுங்கை பட்டாணி வரைக்கும்
யஷ்வினி, யஷ்வினி என்று
கூப்பிட்டுக்கொண்டே போனோம்.

ரப்பர் ஆகாது என்றார் டாக்டர்.
அந்த இடத்தில் போய் எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் குடும்பமே
அந்தப் பாலில்தான் சோறு தின்றது.

அதிலிருந்து எனக்குப் பின்கதவு.
குழாயடியில் சட்டையை மாற்றி,
முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டு,
முடியை அலசி நிற்பேன்.
கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
“முடிஞ்சிச்சா? முடிஞ்சிச்சா?”

தாடிக்காவில் வட்டமாய் நின்று ஆடும்போது
யாரும் இவள் கையைப் பிடிப்பதில்லை.
டீச்சர் நல்லவர், ஒரு வழி கண்டுபிடித்தார்:
கைக்குட்டையின் ஒரு முனை இவளுக்கு,
மறுமுனை பக்கத்துப் பிள்ளைக்கு.
பள்ளி அனுப்பிய படத்தில்
அந்தக் கைக்குட்டை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

நேற்று கிளினிக்கில்
மிசி ஹஸ்னா பெட்டியிலிருந்து கையுறை உருவினார்.
பெட்டியைப் பார்த்தேன். எங்கள் ஆலைதான்.
“மிசி, வேணாம்” என்றேன்.
என்னைப் பார்த்தார், அட்டையைப் படித்தார்.
குழாயில் நெடுநேரம் கை கழுவி
டிஷ்யூவில் ஒவ்வொரு விரலாய்த் துடைத்து
வெறுங்கையோடு வந்து
முட்டியின் பின்மடிப்பைத் தொட்டார்.
வெடிப்பும் பொருக்கும் இருக்கிற அந்த இடத்தை.

பிள்ளை அசையவே இல்லை.
மூச்சையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நகம் வெட்டி,
கைக்குக் காலுறை மாட்டி,
அப்பாவின் பழைய பனியனை ஈரமாக்கிச் சுற்றி,
அதன்மேல் காய்ந்த துணி.
அரைத்தூக்கத்தில் கேட்கிறாள்:
“மிசி கை ஏன்ம்மா சூடா இருந்துச்சு?”

பதில் யோசிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

ஐந்தரைக்கு ஆலை பஸ் ஹாரன் அடிக்கும்.
அதற்கு முன் பசியாற ஏதாவது செய்ய வேண்டும்.
காலுறைக்குள்ளிருந்து ஐந்து விரலும்
என் நைட்டியைப் பற்றியிருக்கின்றன.
விடுவிக்கலாம்.
இன்னும் கொஞ்சம் கழித்து.